பழைய கணிப்பொறி: புதுப்பிப்பதா, புதிது வாங்குவதா?

மிதிவண்டியின் டயர் தேய்ந்துவிட்டால் டயரை மாற்றுகிறோம். சங்கிலி அறுந்தால் சங்கிலியை மாற்றுகிறோம். பிரேக் கட்டை தேய்ந்ததற்காக எவரும் வண்டியையே விற்றுவிடுவதில்லை. ஆனால் வண்டியின் சட்டத்திலேயே விரிசல் விழுந்துவிட்டால், புதிய டயரும் புதிய சங்கிலியும் வாங்கிப் பூட்டுவதில் பயனில்லை. மிதிவண்டியைப் பொறுத்தவரை இந்த வேறுபாட்டைச் சிறுவர்களும் அறிவார்கள். எந்தப் பகுதி பழுதானது, அது மற்றப் பகுதிகளோடு எப்படி இணைந்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன அல்லவா?

மேசைக் கணிப்பொறியின் நிலை வேறு. அது ஒரு மூடிய பெட்டி. 'பொறி மெதுவாகிவிட்டது' என்பது மட்டுமே நமக்குத் தெரியும். கடைக்காரர், 'இதற்கெல்லாம் இனி உதிரி பாகம் கிடைக்காது, புதிதாக வாங்கிவிடுங்கள்' என்பார். அண்டை வீட்டு அண்ணன், 'ரேம் போட்டால் பறக்கும்' என்பார். இருவரும் அளந்து பார்த்துச் சொல்வதில்லை. முதலாமவர் சொல்லை நம்பினால் தேவையின்றிக் கடன் வாங்க நேரலாம். இரண்டாமவர் சொல்லை நம்பினால் பயன் தராத பகுதிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்துப் புதிய பொறியையும் வாங்க நேரலாம்.

இந்த முடிவை எடுக்கப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. ஒரு கடிகாரமும், வகுப்பில் நீங்கள் கற்கும் இயற்பியலும், பெருக்கல் வகுத்தல் கணக்கும் போதும். எப்படி என்று பார்ப்போம்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு வீட்டில் 2014-ஆம் ஆண்டு வாங்கிய மேசைக் கணிப்பொறி இருப்பதாகக் கொள்வோம். அதில் இன்டெல் நிறுவனத்தின் நான்காம் தலைமுறை கோர் ஐ3 வகை மையச் செயலகம் இருக்கிறது. ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம் 4 ஜி.பி. கோப்புகளைச் சேமிக்க 500 ஜி.பி. அளவுள்ள ஹார்ட் டிஸ்க். இயக்க மென்பொருள் விண்டோஸ் 10. பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் அதில் பைத்தான் நிரல் எழுதிப் பழகுகிறாள். தம்பி பாட வீடியோக்களைப் பார்க்கிறான். தந்தை கடைக் கணக்கை எழுதுகிறார். பொத்தானை அழுத்தி, இணைய உலவி திறப்பதற்குள் 2 நிமிடம் ஆகிறது. புதிய பொறி வாங்கினால் அடுத்த ஆண்டுக் கல்விக் கட்டணத்திற்கு வைத்திருக்கும் பணத்தில் கைவைக்க வேண்டும். என்ன செய்வது?

அஞ்சறைப் பெட்டியும் சந்தையும்

முதலில், கணிப்பொறிக்குள் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். மையச் செயலகம் சமையல்காரரைப் போன்றது. அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் அஞ்சறைப் பெட்டிதான் ரேம். கடுகு வேண்டுமென்றால் உடனே எடுத்துவிடலாம். ஆனால் பெட்டி சிறியது. மின்சாரம் நின்றால் அது காலியாகிவிடும். ஊர்ச் சந்தையைப் போன்றது ஹார்ட் டிஸ்க். அங்கே எல்லாம் கிடைக்கும், போய்வரத்தான் நேரமாகும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணக்கிடலாம். மேசைக் கணிப்பொறியின் ஹார்ட் டிஸ்க் பொதுவாக நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும். அதாவது வினாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 1/120 வினாடி, ஏறத்தாழ 8.3 மில்லி வினாடி. நாம் தேடும் செய்தி, படிக்கும் முனைக்கு நேராக வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி வினாடி, காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனையைத் தாங்கிய கை சரியான தடத்துக்கு நகர ஏறக்குறைய 9 மில்லி வினாடி ஆகும். ஆக, ஒருமுறை தேடி எடுக்க 13 மில்லி வினாடி.

இது மிகச் சிறிய நேரம் என்று தோன்றுகிறதா? 3 கிகா ஹெர்ட்சில் இயங்கும் மையச் செயலகத்துக்கு அந்த 13 மில்லி வினாடியில் 3 கோடியே 90 லட்சம் துடிப்புகள் கழிந்துவிடும். ரேமிலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஏறத்தாழ 100 நானோ வினாடி போதும். ஹார்ட் டிஸ்க் அதைவிட 1,30,000 மடங்கு மெதுவானது.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. மிக மெல்லிய மின்காப்புப் படலத்துக்குள் சிறைப்பட்ட எலெக்ட்ரான்களாகச் செய்தி அதில் பதிந்திருக்கிறது. மின்சுற்றே அதைப் படித்துவிடுவதால், ஒருமுறை எடுக்க ஏறத்தாழ 0.1 மில்லி வினாடி போதும்.

இந்த மூன்று நேரங்களையும் ஒரு கோடி மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுக்க 1 வினாடி ஆகிறது என்றால், எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்க 17 நிமிடம் ஆகும். இது தெருமுனைக் கடைக்குப் போய்வருவதற்குச் சமம். ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்க 36 மணி நேரம் ஆகும்! அடுப்பு எரிந்துகொண்டிருக்க, சமையல்காரர் ஒன்றரை நாள் கைகட்டிக் காத்திருக்கிறார். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தால்தான் என்ன?

ரேம் போதாதபோதும் இதே இடர்தான். அஞ்சறைப் பெட்டி நிறைந்துவிட்டால், அதிலுள்ள சிலவற்றைச் சந்தையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்துவர வேண்டியிருக்கும். ஒரே நேரத்தில் பல பக்கங்களைத் திறந்து வைக்கும்போது பொறி திணறுவதும், ஹார்ட் டிஸ்க் விளக்கு இடைவிடாமல் மினுக்குவதும் இதனால்தான்.

அம்டால் சொன்ன விதி

கணிப்பொறி வடிவமைப்பாளரான ஜீன் அம்டால் 1967-ஆம் ஆண்டில் ஒரு முக்கியமான கருத்தை வெளியிட்டார். பல செயலகங்களை இணைத்து வேலை செய்வதைப் பற்றி அவர் சொன்னது, எந்தப் பொறிக்கும் பொருந்தும். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் விரைவாக்கினால், மொத்த வேலை எவ்வளவு விரைவாகும் என்பது, அந்தப் பகுதி மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு வகித்தது என்பதைப் பொறுத்தது.

நமது எடுத்துக்காட்டுக்கு வருவோம். பொறி தயாராக 120 வினாடி ஆகிறது. அதில் ஹார்ட் டிஸ்குக்காகக் காத்திருப்பது 90 வினாடி, மையச் செயலகம் உண்மையில் உழைப்பது 18 வினாடி, பிற பணிகள் 12 வினாடி என்று வைத்துக்கொள்வோம்.

இரு மடங்கு வேகமுள்ள மையச் செயலகத்தைப் பொருத்தினால், மொத்த நேரம் 90 + 9 + 12 = 111 வினாடி. பெருஞ்செலவு செய்து மிச்சமானது 9 வினாடி மட்டுமே. வேகத்துக்கு எல்லையே இல்லாத ஒரு செயலகம் கிடைத்தாலும்கூட 102 வினாடிக்குக் கீழே போக இயலாது!

மாறாக, ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்துவோம். காத்திருக்கும் நேரம் 15-இல் ஒரு பங்காகக் குறைகிறது என்று கொண்டால், மொத்த நேரம் 6 + 18 + 12 = 36 வினாடி. பழைய நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். எஸ்.எஸ்.டி. பொருத்திய பிறகு செயலகத்தின் வேகத்தை இரு மடங்காக்கினால், 6 + 9 + 12 = 27 வினாடி. இப்போது மிச்சம் நூற்றுக்கு 25. முன்பு நூற்றுக்கு ஏழரைதான் மிச்சமாயிற்று. ஒரு தடையை நீக்கியதும் அடுத்த தடை முன்னே வந்து நிற்கிறது என்பது இதன் பொருள். எனவே 'எந்தப் பகுதி சிறந்தது?' என்று கேட்பதைவிட, 'இப்போது என் பொறியைத் தடுத்து நிறுத்துவது எது?' என்று கேட்பதே சரியான முறை.

அளந்து பாருங்கள்

தடை எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. கணிப்பொறியே சொல்லும். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பகுதி திறக்கும். லினக்ஸிலும் இதைப் போன்ற 'சிஸ்டம் மானிட்டர்' உண்டு. நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகளைச் செய்யுங்கள். பொறி திணறும் நேரத்தில் அங்கே காணும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. வட்டின் பயன்பாடு நூற்றுக்கு நூறைத் தொட்டு நிற்கிறது, செயலகமோ சும்மா இருக்கிறது என்றால், தடை ஹார்ட் டிஸ்க்.

2. நினைவகம் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டி, வட்டும் ஓயாமல் இயங்கினால், தடை ரேம்.

3. நினைவகமும் வட்டும் தாராளமாக இருக்க, செயலகம் மட்டும் நீண்ட நேரம் நூறிலேயே நின்றால், தடை செயலகம்.

4. மூன்றும் குறைவாக இருந்தும் இணையப் பக்கம் வரவில்லை என்றால், குறை பெரும்பாலும் இணைய இணைப்பில். புதிய கணிப்பொறி வாங்கினாலும் அது தீராது.

ஒரே வேலையை மூன்று முறை செய்து, நேரத்தின் சராசரியை எடுங்கள். ஆய்வகத்தில் ஊசலின் அலைவு நேரத்தைக் காண்பதற்கு நீங்கள் கையாளும் அதே முறைதான்.

எது பொருந்தும், எது பொருந்தாது?

தடையைக் கண்டுபிடித்துவிட்டோம். அதை நீக்கும் பகுதி நம் பொறியில் பொருந்துமா? எல்லாப் பகுதிகளும் மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில்தான் இணைகின்றன. மிதிவண்டியின் சட்டத்தைப் போன்றது இது.

ரேம் தலைமுறை தலைமுறையாக மாறிவருகிறது. 2014-இல் வாங்கிய நமது பொறியில் இருப்பது டி.டி.ஆர்.3 வகை. அது 1.5 வோல்ட்டில் இயங்குவது. அடுத்து வந்த டி.டி.ஆர்.4 வகை 1.2 வோல்ட்டிலும், டி.டி.ஆர்.5 வகை 1.1 வோல்ட்டிலும் இயங்குகின்றன. ஒன்றன் இடத்தில் மற்றொன்றைச் செருகிவிடாதபடி, ஒவ்வொன்றின் அடிவிளிம்பிலும் வெட்டு வெவ்வேறு இடத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, 'ரேம் வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டு வாங்கக் கூடாது. பழையதைக் கழற்றி, அதன் மேலுள்ள எழுத்தைப் படித்து, அதே வகையை வாங்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு. 32 பிட் இயக்க மென்பொருள் சாதாரணமாக எண்ணித் தொடக்கூடிய நினைவக இடங்கள் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது 4,29,49,67,296. இது 4 ஜி.பி. ஆகும். உங்கள் பொறியில் 32 பிட் மென்பொருள் இருந்தால், 8 ஜி.பி. ரேம் பொருத்தினாலும் பாதி வீணாகும். முதலில் 64 பிட் மென்பொருளுக்கு மாற வேண்டும்.

எஸ்.எஸ்.டி. பொருத்துவது எளிது. நமது எடுத்துக்காட்டுப் பொறியில் ஹார்ட் டிஸ்க் இணைந்திருக்கும் சாட்டா இணைப்பிலேயே அதையும் இணைக்கலாம். புதிய பொறிகளில் உள்ள என்.வி.எம்.இ. வகை இதைவிடப் பல மடங்கு வேகமாகச் செய்தியைக் கடத்தும். சாட்டா வகை வினாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டோடு நின்றுவிடும். ஆனால் அதற்காக வருந்த வேண்டியதில்லை. அன்றாட வேலைகளில் சிறு சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதே மிகுதி. ஹார்ட் டிஸ்கிலிருந்து சாட்டாவுக்கு மாறும்போது தெரியும் வேறுபாடு பெரியது, சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறும்போது தெரியும் வேறுபாடு சிறியது. ஏன் என்பதை அம்டால் விதியைக் கொண்டு நீங்களே விளக்கலாம்.

மையச் செயலகத்தை மாற்றுவதுதான் கடினம். இன்டெல் செயலகங்கள் பொருந்தும் இருக்கை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவருகிறது. எனவே புதிய செயலகம் வேண்டுமென்றால் புதிய தாய்ப்பலகை வேண்டும். புதிய தாய்ப்பலகைக்குப் புதிய வகை ரேம் வேண்டும். மூன்றையும் மாற்றினால், பழைய பொறியில் மிஞ்சுவது பெட்டியும் விசைப்பலகையும்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும்.

பத்தாண்டுப் பொறி இன்னும் உழைப்பது ஏன்?

1985-இல் வந்த இன்டெல் 80386 செயலகம் 16 மெகா ஹெர்ட்சில் இயங்கிற்று. பத்தாண்டு கழித்து, 1995-இல் வந்த பென்டியம் ப்ரோ 200 மெகா ஹெர்ட்சை எட்டியது. அடுத்த பத்தாண்டுக்குள், 2004-இல், பென்டியம் 4 செயலகம் 3.8 கிகா ஹெர்ட்சைத் தொட்டது. அந்தக் காலத்தில் பத்தாண்டுப் பழைய பொறி காட்சிசாலைக்குத்தான் உரியது. ஆனால் 2014-இன் கோர் ஐ3 செயலகமும் ஏறத்தாழ 3.5 கிகா ஹெர்ட்ஸ்தான். ஓட்டம் ஏன் நின்றது?

டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்கு வேண்டிய மின்னழுத்தமும் அதே விகிதத்தில் குறையும், ஆகவே வேகத்தைக் கூட்டினாலும் வெப்பம் மிகாது என்று 1974-இல் ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். சுற்று ஒன்று செலவிடும் மின்திறன், மின்தேக்குதிறன் × மின்னழுத்தத்தின் வர்க்கம் × அதிர்வெண் என்ற பெருக்கலைப் பொறுத்தது. மின்னழுத்தம் குறைந்தவரை அதிர்வெண்ணைத் தயக்கமின்றிக் கூட்ட முடிந்தது. 2005-ஆம் ஆண்டையொட்டி, மூடியிருக்க வேண்டிய டிரான்சிஸ்டர்களின் வழியேயும் மின்னோட்டம் கசியத் தொடங்கியதால், மின்னழுத்தத்தை அதற்குமேல் குறைக்க இயலவில்லை. அதிர்வெண்ணைக் கூட்டினால் சில்லு அடுப்பாகிவிடும் என்ற நிலை வந்தது.

அதன்பிறகு செயலகங்கள் முன்னேறவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு துடிப்பில் செய்யும் வேலையும், ஒரே சில்லில் அமைந்த உள்ளகங்களின் எண்ணிக்கையும் பெருகியுள்ளன. வீடியோ தொகுத்தல், முப்பரிமாண வரைபடம், புதிய விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு இந்த வேறுபாடு பெரிது. கட்டுரை எழுதவும், கணக்குப் போடவும், நிரல் பழகவும், வீடியோ பார்க்கவும் பத்தாண்டுச் செயலகம் போதும்.

முதுமையின் அடையாளங்கள்

பகுதி பொருந்துவது மட்டும் போதாது. தாய்ப்பலகை நல்ல உடல்நிலையில் இருக்கவும் வேண்டும். மின் இணைப்பை முழுதும் துண்டித்துவிட்டு, பெரியவர் ஒருவர் உடனிருக்கப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள்.

தூசி அடைத்த விசிறியும், காய்ந்துபோன வெப்பக்கடத்திப் பசையும் செயலகத்தைச் சூடாக்கும். சூடு மிகும்போது அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூரிகையால் தூசியை அகற்றிப் புதுப் பசை தடவுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் தவறாகக் காட்டினால், சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் பொத்தான் மின்கலம் தீர்ந்திருக்கும். அதற்கும் சிறு செலவே.

தாய்ப்பலகையில் சிறு உருளைகள்போல் நிற்கும் மின்பகு மின்தேக்கிகளை உற்றுப் பாருங்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பு நீர் கசிந்தோ இருந்தால் பலகைக்கு முதுமை வந்துவிட்டது. உள்ளேயுள்ள வேதிக் கரைசல் வெப்பத்தால் உலர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. இத்தகைய பலகைக்குப் புதிய ரேம் வாங்குவது, விரிசல் விட்ட சட்டத்துக்குப் புதிய டயர் வாங்குவது போன்றது.

ஹார்ட் டிஸ்க் 'டிக், டிக்' என்று ஒலித்தால் வேறு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். முதலில் கோப்புகளுக்குப் படி எடுத்து வையுங்கள்.

ஒரு கடுமையான எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தின் உச்ச மதிப்பு 230 × 1.414 = 325 வோல்ட். பெட்டிக்குள் உள்ள மின்தேக்கி இந்த அழுத்தத்தில் மின்னேற்றத்தைச் சேமித்து வைத்திருக்கும். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அது தாக்கக்கூடும்.

பூட்டு இல்லாத கதவு

பொறி நன்றாக ஓடினாலும் அதைக் கைவிட வேண்டிய நிலை மற்றொரு வழியிலும் வரலாம். மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. தனியே பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும், பாதுகாப்புத் திருத்தங்கள் மேலும் ஓராண்டு கிடைக்கும் என்று அறிவித்தது. திருத்தம் பெறாத மென்பொருளில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடுவதில்லை. அத்தகைய பொறியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டில்லாத வீட்டில் நகையை வைப்பதற்கு ஒப்பாகும்.

2021-இல் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும், இன்டெல் வகையில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்த செயலகத்தையும் கேட்கிறது. நமது நான்காம் தலைமுறைப் பொறி அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அது குப்பைக்குப் போக வேண்டுமா? வேண்டியதில்லை. லினக்ஸ் வகை இயக்க மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய பொறிகளிலும் அவை நன்கு இயங்குகின்றன. திருத்தங்களும் தொடர்ந்து வருகின்றன. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இந்திய லினக்ஸ் வகைகளுள் ஒன்று. கேரள அரசுப் பள்ளிகள் நெடுங்காலமாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணிப்பொறிக் கல்வி அளித்துவருகின்றன. ஆனால் தந்தையின் கடைக் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குவதாக இருந்தால் நிலைமை மாறும். அதை முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப் பார்ப்போம்

விலையை மட்டும் ஒப்பிடுவது தவறு. ஓராண்டுப் பயனுக்கு ஆகும் செலவை ஒப்பிட வேண்டும். கீழ்வரும் தொகைகள் கணக்குக்காகக் கொண்டவை. உங்கள் ஊர்க் கடை விலையை இட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

புதிய பொறி: 35,000 ரூபாய். 8 ஆண்டு உழைக்கும். ஆண்டுச் செலவு 4,375 ரூபாய்.

எஸ்.எஸ்.டி.யும் ரேமும்: 6,000 ரூபாய். 3 ஆண்டு நீட்டிக்கும். ஆண்டுச் செலவு 2,000 ரூபாய்.

தாய்ப்பலகை, செயலகம், ரேம் மூன்றும்: 18,000 ரூபாய். மற்றப் பழைய பகுதிகள் 4 ஆண்டு தாங்கும். ஆண்டுச் செலவு 4,500 ரூபாய்.

இரண்டாவது வழி முதலாவதைவிட மலிவு. மூன்றாவது வழியோ புதியதைவிடக் கூடுதல் செலவு! 'புதுப்பித்தல் என்றாலே சிக்கனம்' என்று எண்ணுவது சரியன்று என்பதை இது காட்டுகிறது. இன்னொன்று: எஸ்.எஸ்.டி. வீணாவதில்லை. பின்னாளில் புதிய பொறி வாங்கினால் அதைக் கழற்றி அதில் பொருத்திக்கொள்ளலாம். டி.டி.ஆர்.3 ரேமை அவ்வாறு எடுத்துச் செல்ல இயலாது.

மின்கட்டணத்தையும் சேர்ப்போம். பழைய பொறி 55 வாட், புதிய சிறு பொறி 25 வாட், நாள்தோறும் 4 மணி நேரம் என்றால், ஆண்டுக்கு மிச்சமாவது 30 × 4 × 365 = 43,800 வாட்-மணி; ஏறத்தாழ 44 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று கொண்டால் 264 ரூபாய். இதற்காக மட்டும் புதிது வாங்குவது பொருந்தாது.

ஆனால் 2008-இல் வாங்கிய பொறி ஒன்று, பழைய படக்குழாய்த் திரையோடு சேர்ந்து 150 வாட் இழுக்கிறது என்று கொள்வோம். புதிய பொறியும் எல்.இ.டி. திரையும் சேர்ந்து 45 வாட் என்றால், ஆண்டு மிச்சம் 153 யூனிட். 900 ரூபாய்க்கும் மேல். அந்தப் பொறியின் டி.டி.ஆர்.2 ரேம் எளிதில் கிடைப்பதில்லை. மின்தேக்கிகளும் உப்பியிருந்தால் ஐயமே வேண்டாம். அதற்கு விடை கொடுத்துவிடலாம்.

மண்ணின் கணக்கு

கடைச் சீட்டில் வராத செலவு ஒன்றும் உண்டு. எரிக் வில்லியம்ஸ், ரூடிகர் கூர் ஆகியோர் ஐ.நா. பல்கலைக்கழகத்துக்காகச் செய்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ஒரு மேசைக் கணிப்பொறியையும் 17 அங்குலப் படக்குழாய்த் திரையையும் உருவாக்கக் குறைந்தது 240 கிலோ புதைபடிவ எரிபொருளும், 22 கிலோ வேதிப்பொருள்களும், 1,500 கிலோ நீரும் செலவாவதாக அது கணக்கிட்டது. இன்றைய பொறிகளுக்கு எண்கள் மாறக்கூடும். ஆனால் நாம் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பெரும் ஆற்றல் செலவாகிவிடுகிறது என்ற உண்மை மாறவில்லை. ஒரு பொறியை மூன்றாண்டு கூடுதலாகப் பயன்படுத்துவது உண்மையான சேமிப்பே ஆகும்.

கைவிடும்போதும் பொறுப்பு உண்டு. பழைய பலகைகளின் பற்றாசிலும் படக்குழாய்க் கண்ணாடியிலும் ஈயம் இருக்கிறது. செம்புக்காகக் கம்பிகளைத் திறந்தவெளியில் எரிப்பவர்கள் நச்சுப் புகையைச் சுவாசிக்கிறார்கள். அவர்களுள் ஏழைக் குடும்பத்துச் சிறுவர்களும் உண்டு. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள மின்னணுக் கழிவு விதிகள், இத்தகைய கழிவு பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டும் என்கின்றன. கொடுக்கும் முன் உங்கள் கோப்புகளை முறையாக அழித்துவிடுங்கள். 'டெலீட்' செய்வது பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவதுதான். ஹார்ட் டிஸ்கில் பதிந்த செய்தி, அதன்மேல் வேறொன்றை எழுதும்வரை அங்கேயே கிடக்கும்.

தீர்ப்பு

இப்போது நமது எடுத்துக்காட்டு வீட்டுக்குத் தீர்ப்புக் கூறலாம். தடை ஹார்ட் டிஸ்கும் ரேமும். இரண்டும் மாற்றக்கூடியவை. மின்தேக்கிகள் தட்டையாக உள்ளன. செய்யும் வேலைக்குச் செயலகம் போதும். கடைக் கணக்கு லினக்ஸிலும் இயங்கும். எனவே தூசி தட்டி, ஒரு எஸ்.எஸ்.டி.யும் 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 ரேமும் சேர்த்து, லினக்ஸ் நிறுவினால் போதுமானது. கல்விக் கட்டணப் பணம் பத்திரமாக இருக்கும்.

மகள் நாளை கல்லூரியில் முப்பரிமாண வரைகலை படிக்கச் சேர்ந்தால் இந்தத் தீர்ப்பு மாறும். தாய்ப்பலகை பழுதானாலும் மாறும். பொறியின் வயது மட்டும் இதை முடிவு செய்வதில்லை. தடை எது, அதை நீக்க முடியுமா, நீக்கிய பின் எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற மூன்று கேள்விகளே முடிவு செய்கின்றன.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணிப்பொறி இயங்கத் தொடங்க ஆகும் நேரத்தை மூன்று முறை அளந்து சராசரி காண்க.

2. நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்கில் அரைச் சுற்றுக்கு ஆகும் நேரம் என்ன?

3. ஒரு வேலை 80 வினாடி எடுக்கிறது. அதில் 20 வினாடி மட்டுமே செயலகத்தின் பங்கு. செயலகத்தை 4 மடங்கு விரைவாக்கினால் மொத்த நேரம் எவ்வளவு? அதை எவ்வளவு விரைவாக்கினாலும் எந்த எல்லைக்குக் கீழே போக முடியாது?

(விடைகள்: 2. ஏறத்தாழ 5.6 மில்லி வினாடி. 3. 65 வினாடி, 60 வினாடி.)